நம்ம ஈஸ்ட்டா, வேற ஈஸ்ட்டா

மார்ச் 4

இன்றிலிருந்து நடப்பதையெல்லாம் உண்மையாக எழுதப்போகிறேன். நடந்ததை நடந்தபடி. நான் நல்லவளாகத் தெரியவேண்டும் என்பதற்காக எதையும் மாற்றமாட்டேன். அழாத இடத்தில் அழுததாக எழுதமாட்டேன். நல்ல சொல் ஒன்று கிடைத்துவிட்டதே என்று ஒரு நிகழ்ச்சியை இழுத்து நீட்டமாட்டேன் (இதுதான் எனக்குக் கஷ்டம்).

முதலில் வீடு. மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் அம்மாவின் தையல் இயந்திரம், அதைச் சுற்றி யார்யாருடைய சட்டைகளோ. உள்ளறை எனக்கும் அக்காவுக்கும். அப்பாவின் பேக்கரி இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அக்கா உடம்பு சரியாக இருந்தவரை அங்கேதான் வேலை செய்தாள். கேக்கின் மேல் பெயர் எழுதுவது அவள்தான். க்ரீம் கோனைப் பிடித்தால் கை அசைவதே தெரியாது. எழுத்து தானாக முளைத்து வருவதுபோல் இருக்கும்.

போன வருடக் கடைசியில் அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். மூன்றாம் சுற்று மருந்து முடிந்து நேற்று வீட்டுக்கு வந்தாள். மேல்கையில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி அனுப்பியிருக்கிறார்கள். மருந்து ஏற்ற, ரத்தம் எடுக்க எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய இல்லை. "காவல்காரன் லீவுல போன வீடு மாதிரின்னு வச்சுக்கோங்க. காய்ச்சல்னா உடனே போன் பண்ணணும். நீங்களா மாத்திரை எதுவும் தரக்கூடாது, காய்ச்சலை மறைச்சிடும்" என்று பெரிய டாக்டர் அம்மாவிடம் சொன்னார்.

அப்பா படுக்கப்போகும் முன் எங்கள் அறைக்குள் வந்து, சுவிட்சில் கை வைத்து, "கடை சாத்தியாச்சு!" என்பார். நான் நடக்கப் பழகிய காலத்திலிருந்தே இதுதான் வழக்கம். நேற்றும் சொன்னார். அக்கா, "நான் இன்னும் சாத்தலைப்பா, கொஞ்சம் வியாபாரம் பாக்கியிருக்கு" என்றாள். அம்மா முன்னறையிலிருந்து, "வாயக் கழுவு" என்றாள். ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மார்ச் 6

அக்கா எனக்கு வைத்த பெயரை இங்கே எழுதியாக வேண்டும். அகராதி. சொற்பொருள் பார்த்துக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர் என்று முதலில் பெருமைப்பட்டேன். "'அகராதி பிடிச்சவ'ன்னும் ஒரு அர்த்தம் இருக்குடி, அதையும் பாரு" என்றாள்.

இன்று காலை அவள் கொட்டாவி விட்டபோது நாக்கைப் பார்த்தேன். வெள்ளையாகப் பூத்திருந்தது. கன்னத்தின் உள்பக்கமும் அப்படித்தான். பால் குடித்த குழந்தையின் வாய் போல. ஆனால் அவள் பால் குடிக்கவில்லை.

"ஐசிங் மாதிரி இருக்குல்ல? கோன் எடுத்துட்டு வா, பேர் எழுதிடலாம்."

அம்மா ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். கொஞ்சம் உரிந்து வந்தது. அடியில் சிவப்பாக, பச்சைப் புண்ணாக இருந்தது. ஒரு துளி ரத்தமும் வந்தது.

"சூடுதான். அவ்வளவு மருந்து ஏத்தினா உடம்பு சூடாகாம என்ன ஆகும்?" என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் எது வந்தாலும் சூடுதான். கண் எரிந்தால் சூடு, பரு வந்தால் சூடு, கோபம் வந்தால்கூடச் சூடு.

மார்ச் 7

ஆஸ்பத்திரிக்குப் போனோம். எனக்குப் பள்ளி அரை நாள்தான் என்பதால் நானும் போனேன். பெரிய டாக்டர் வரவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு சின்ன டாக்டர் இருந்தார். அவர் கண்களும் அம்மாவின் கண்களைப் போலவே தூக்கமில்லாமல் இருந்தன. அக்காவின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டே சொன்னார்: "ஈஸ்ட் தொற்றுதான். சொட்டு மருந்து தர்றேன், வாய்ல வச்சிருந்து முழுங்கணும். முழுங்கறப்போ நெஞ்சுல வலிச்சா, குளிர் வந்தா, உடனே வரணும். அடுத்தவங்க வாங்க."

அவ்வளவுதான். அப்பா எழுந்திருக்கவில்லை. அடுத்தவர்கள் உள்ளே வந்த பிறகுதான் எழுந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னைக் கேட்டார்:

"ஈஸ்ட்டுனா... நம்ம ஈஸ்ட்டா?"

எனக்குத் தெரிந்ததைக் கேட்டால் நிற்கமாட்டேன். ஓடிப்போய் அறிவியல் புத்தகத்தை எடுத்துவந்து சத்தமாகப் படித்தேன். "ஈஸ்ட் என்பது ஒரு செல் பூஞ்சை. இது ரொட்டி தயாரிப்பில் மாவை உப்பச்செய்யப் பயன்படுகிறது." படம்கூடக் காட்டினேன்.

அப்பா படத்தைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் எப்போதும்போலக் கொஞ்சம் மாவு இருந்தது. போய்க் கை கழுவினார். தண்ணீர் ஓடும் சத்தம் நிற்கவே இல்லை. அம்மா போய்க் குழாயை மூடினாள்.

மார்ச் 8

அப்பா கடையிலேயே படுத்துக்கொண்டார்.

மார்ச் 10

இரண்டு நாட்களாக வீட்டில் ரொட்டி இல்லை. இருந்ததை அம்மா பையில் கட்டி எறிந்துவிட்டாள். பேக்கரிக்காரர் வீட்டில் ரொட்டி இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

அப்பாவின் துணிகளை அம்மா தனி வாளியில் வெந்நீர் ஊற்றி ஊறவைக்கிறாள். அவருடைய தலையணை உறை, துண்டு, செருப்பு எல்லாம் வெளியே போய்விட்டன. தைப்பதை நடுவில் நிறுத்திவிட்டு ஓடிப்போய் எதையாவது துடைக்கிறாள். அவள் விரல்கள் ஊறிச் சுருங்கிப் போயிருக்கின்றன. சாப்பிடும்போது தட்டின் முன்னால் அப்படியே உட்கார்ந்து தூங்கிவிட்டாள். நான் எழுப்பவில்லை. வகுப்பில் நானும் தூங்கினேன். கணக்கு ஆசிரியை என் மேசையில் தட்டி, "இங்க என்ன, படுக்கை போடட்டுமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும்போல.

விளக்கை அம்மாதான் அணைக்கிறாள். ஒன்றும் சொல்லாமல் அணைக்கிறாள்.

"கடை சாத்தலையா?" என்றாள் அக்கா இருட்டில். நான் தூங்குவதுபோல் இருந்துவிட்டேன்.

மார்ச் 12

மாலையில் அப்பா தெருவில் வந்து நின்றார். மேலே வரவில்லை. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"என்னப்பா, வாடகை கேக்க வந்தவர் மாதிரி கீழயே நிக்கிறீங்க?"

"குளிக்கலம்மா. கடையிலேர்ந்து நேரா வர்றேன்."

"குளிச்சிட்டு வாங்க."

"குளிச்சாலும் போகாதும்மா அது. முப்பது வருஷமா தோல்ல ஊறிப்போனது."

பிறகு அவளைச் சிரிக்கவைக்க ஒரு கதை சொன்னார். அவள் இல்லாததால் கேக்கில் அவரே எழுதுகிறாராம். நேற்று ஒரு கேக்கில் "பிறந்தநாள் வாழ்துகள்" என்று எழுதிவிட்டார். வாங்க வந்த பெண்மணி, "ஒரு த் குறையுதே, விலையில குறைப்பீங்களா?" என்று கேட்டாராம். அக்கா சிரித்தாள். சிரித்துவிட்டு உடனே தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். அது அப்பாவுக்குத் தெரியவில்லை. நான் பக்கத்தில் இருந்ததால் பார்த்தேன்.

போகும்போது அப்பா மெதுவாக அம்மாவிடம் சொன்னது மேலே கேட்டது. மாவு பிசையும் இயந்திரத்தை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்திருக்கிறாராம். "என் கையாலதான் அவளுக்கு வந்தது. இன்னும் எதுக்கு அதைத் தொட்டுட்டு இருக்கணும்?"

அம்மா மறுத்துச் சொல்லவில்லை. அக்கா ஜன்னலை மூடினாள்.

மார்ச் 14

அக்காவால் விழுங்க முடியவில்லை. தண்ணீர் குடித்தாலே கண்ணில் நீர் வருகிறது. நெஞ்சுக்குள் கண்ணாடித் தூள் இறங்குவதுபோல் இருக்கிறதாம். அம்மா கொண்டுவந்த சூப்பை என் பக்கம் தள்ளி, "குடிச்சிடு" என்றாள். நான் குடித்தேன். அம்மா வந்து காலிக் கிண்ணத்தைப் பார்த்து, "எம்பொண்ணு சாப்பிட்டுட்டா" என்று சந்தோஷப்பட்டாள்.

"டாக்டர் சொன்னாரே, முழுங்கறப்போ வலிச்சா வரணும்னு."

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? இன்னும் ஈஸ்ட்டும்பாங்க. மறுநாளே அப்பா மிஷினைக் கொடுத்துடுவாரு. அப்புறம் அவர் என்ன பண்ணுவாரு? அவருக்கு வேற என்ன தெரியும், சொல்லு?"

"அதுக்காக..."

"சொட்டு மருந்து வேலை செய்யட்டும். நாலு நாள். என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு. வழுக்கைத் தலைதான், பரவால்ல. சத்தியம் வழுக்கிடாது."

நான் அவள் தலையில் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. தலை எப்போதும் அப்படித்தான் இருக்குமோ? முடியில்லாத தலையை இதற்கு முன் தொட்டதில்லையே.

மார்ச் 15

உண்மையை எழுதுவது வேறு, சொல்வது வேறு. இங்கே எழுதிவிட்டால் உண்மையாக இருந்ததாக ஆகிவிடுமா? யார் படிக்கப்போகிறார்கள் இதை?

மார்ச் 16

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் நர்ஸ் வந்தார். வாரம் ஒருமுறை வந்து குழாயைச் சுத்தம் செய்பவர். அக்கா அவருக்குக் 'குழாயக்கா' என்று பெயர் வைத்திருக்கிறாள். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவாள், அவரும் சிரிப்பார். கையுறை போட்டு, மருந்துநீரை ஊசியால் குழாய்க்குள் செலுத்தி, கட்டை மாற்றினார். "சாப்பாடு இறங்குதா?" என்று கேட்டார். "ஒரு கட்டு கட்றேன்" என்றாள் அக்கா. நான் சுவரைப் பார்த்தேன். காய்ச்சல் பார்த்தார், இல்லை. போய்விட்டார்.

அம்மா அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கக் கடைக்குக் கிளம்பினாள். அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் அக்காவுக்கு நடுக்கம் வந்தது. குளிரில் நடுங்குவது போல இல்லை. கட்டில் சுவரில் இடித்து இடித்துச் சத்தம் வந்தது. பல்லோடு பல் மோதியது. போர்வை, அதன் மேல் இன்னொரு போர்வை, அம்மா தைக்க வைத்திருந்த யாருடைய கோட்டோ, எல்லாவற்றையும் போட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அதுவும் ஆடியது, என் கையும் சேர்ந்து ஆடியது.

"ஜன்னலை மூடுடி. கண்ணு கூசுது."

மூடினேன்.

"இன்னும் கூசுது. லைட்ட அணை."

விளக்கு எரியவே இல்லை. பகல். நான் அதைச் சொல்லவில்லை. சுவிட்சை மேலும் கீழும் தட்டி, "அணைச்சிட்டேன்" என்றேன்.

ஏன் அப்படிச் செய்தேன்?

நடுக்கம் நின்றது. வியர்த்துக் கொட்டியது. அம்மா வருவதற்குள் அக்கா உடை மாற்றிவிட்டாள். நான் அவள் தலையணையைத் திருப்பிப் போட எடுத்தபோது அடியில் மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. காய்ச்சல் மாத்திரை. முழுவதும் காலி. டாக்டர் தரக்கூடாது என்று சொன்னாரே, அதேதான். குழாயக்கா பார்த்தபோது காய்ச்சல் ஏன் இல்லை என்று இப்போது புரிகிறது.

அக்கா என்னைப் பார்த்தாள். நகைச்சுவையாக எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மார்ச் 17

சொல்லிட்டேன்.

பள்ளிக்குக் கிளம்பினேன், பள்ளிக்குப் போகவில்லை. கால் தானாகக் கடைக்குப் போனது. அம்மாவிடம் சொன்னால் சூடு என்பாள் — இல்லை, அப்படி எழுதுவது சரியில்லை. அம்மா அழுவாள், அதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அதுதான் உண்மை.

கடையின் பின்பக்கம் அப்பா மாவு பிசைந்துகொண்டிருந்தார். இயந்திரத்தை விற்க முடிவு செய்துவிட்டார்போல, அது ஓரமாகத் துணி போர்த்தி நின்றது. கையாலேயே பிசைந்துகொண்டிருந்தார். முழங்கைவரை மாவு. என்னைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தார். "கிட்ட வராத, நீ அவகூடத்தானே படுக்கற."

நான் அங்கேயே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். விழுங்க முடியாதது, சூப், நடுக்கம், மாத்திரை. சத்தியத்தைக்கூடச் சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரியும்.

அப்பா ஒரு கேள்விதான் கேட்டார். "எப்பலேர்ந்து?"

பிறகு ஓடினார். கடையைப் பூட்டவில்லை. மாவுக் கையோடு தெருவில் ஓடினார், எல்லாரும் பார்த்தார்கள். மாடி ஏறி, எங்கள் அறை வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டார். நிலைப்படியைத் தாண்டவில்லை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். உள்ளே அக்கா கண்ணை மூடிக் கிடந்தாள், உதடு நீலமாக இருந்தது.

அம்மா கத்தினாள். "இப்பவாவது உள்ள வாங்களேன்! கழுவிட்டு வாங்க, வந்து தூக்குங்க! நான் ஒருத்தியா எப்படித் தூக்குவேன்?"

அவர் கழுவினார். சட்டையைக் கழற்றி எறிந்தார். அம்மா தைத்து வைத்திருந்த யாருடைய புதுச்சட்டையையோ எடுத்துப் போட்டுக்கொண்டு அவளைப் போர்வையோடு தூக்கினார். தூக்கியபோது அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"அகராதி" என்றாள். எந்த அர்த்தத்தில் என்று தெரியவில்லை.

மார்ச் 18

ஆஸ்பத்திரி. தீவிர சிகிச்சைப் பிரிவு. ரத்த அழுத்தம் கீழே போய்விட்டதாம். ஏதோ மருந்துகள் ஏற்றுகிறார்கள். ரத்தம் எடுத்துப் பாட்டிலில் வைத்திருக்கிறார்கள், அதில் என்ன வளர்கிறது என்று பார்க்க. வளரும்வரை காத்திருக்க வேண்டும். ஒன்றும் வளரக்கூடாது என்று வேண்டிக்கொள்வதா, சீக்கிரம் வளரட்டும் என்று வேண்டிக்கொள்வதா?

மார்ச் 19

வளர்ந்துவிட்டது.

பெரிய டாக்டர் எங்களைத் தாழ்வாரத்தின் ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னார். அக்காவின் ரத்தத்திலேயே ஈஸ்ட் இருக்கிறது. கையில் இருந்த குழாயின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு வளர்ந்திருக்கிறது. குழாயைக் கழுவும்போதெல்லாம் அது உள்ளே போயிருக்கிறது, அதனால்தான் அந்த நடுக்கம். குழாயை எடுத்துவிட்டார்கள். வேறு மருந்து தொடங்கிவிட்டார்கள். "வாய்ல இருக்கிறவரைக்கும் அது வாய்ப்புண்தான். ரத்தத்துக்குப் போயிட்டா உயிரையே கேக்கும். இவளோட எதிர்ப்பு சக்திக்கு இது சின்ன விஷயம் இல்ல. உங்களுக்கு மறைக்காம சொல்றேன்."

அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஈஸ்ட் என்ற சொல்லை டாக்டர் வாயிலிருந்து அவர் கேட்பது இது இரண்டாம் முறை. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எதுவுமே இல்லை, துடைத்துவிட்ட பலகை மாதிரி இருந்தது.

"டாக்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் பேக்கரி வச்சிருக்கேன்."

"சொல்லுங்க."

"இது நம்ம ஈஸ்ட்டா, வேற ஈஸ்ட்டா?"

டாக்டருக்குப் புரியவில்லை. அப்பா கைகளைத் திருப்பிக் காட்டினார். அப்போதுதான் புரிந்தது. டாக்டர் அவரை உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு எத்தனை வேலை இருந்திருக்கும்.

"வேற. பூனையும் புலியும் ஒரே குடும்பம்னு சொல்றதில்லையா, அது மாதிரிதான் இதுவும். இது கடையிலேர்ந்து வரல. இது உங்க வாய்லயும் இருக்கு, என் வாய்லயும் இருக்கு, வயித்துலயும் இருக்கு. நம்ம உடம்பு அதை ஒரு மூலையில உட்கார வச்சிருக்கு. அவளுக்கு இப்ப அதட்டி உட்கார வைக்க ஆளில்ல, அவ்வளவுதான்."

"நான் கொடுத்த ரொட்டி..."

"வெந்த ரொட்டியில ஈஸ்ட் உயிரோட இருக்காது. பச்சை மாவைத் தொட்டா கை கழுவிட்டு, சட்டை மாத்திட்டு வாங்க. அது போதும். அவளுக்கு இப்ப இருக்கிற நிலைமையில யார் வந்தாலும் இதைத்தான் சொல்வேன்."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார், டாக்டரிடம் இல்லை, தரையிடம்:

"பத்து நாளா எம்பொண்ண நான் தொடாம இருந்துட்டேன்."

அம்மா முகத்தைப் புடவையால் மூடிக்கொண்டாள். நான் என் அறிவியல் புத்தகத்தை நினைத்தேன். அதில் இருந்தது பொய்யில்லை. ஆனால் அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

மார்ச் 20

ஒரு மாற்றமும் இல்லை.

மார்ச் 21

இல்லை.

மார்ச் 23

இன்று கண் டாக்டர் வந்து பார்த்தார். இந்தப் பூஞ்சை ரத்தத்தில் ஓடினால் கண்ணுக்கும் போகுமாம், அதனால் இது வந்த எல்லாருக்கும் கண்ணைப் பார்ப்பார்களாம். "வெளிச்சம் கூசினதா சொன்னாளா?" என்று கேட்டார். அம்மா இல்லை என்றாள். நான் ஆமாம் என்றேன். பகலில், விளக்கே எரியாதபோது, லைட்டை அணை என்று சொன்னாள் என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

வலது கண்ணின் உள்ளே பஞ்சுத் துணுக்குபோல் ஒரு வெள்ளைப் புள்ளி. அங்கேயும் அது போய் உட்கார்ந்திருக்கிறது.

சரியாகுமா என்று அப்பா கேட்டார். மருந்துக்குக் கட்டுப்படலாம், பார்வை முழுதாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். அவள் கேக்கில் எழுதுபவள் என்று அப்பா சொன்னார். அது மருத்துவத்துக்குத் தேவையான தகவல் இல்லை. ஆனாலும் கண் டாக்டர் அதையும் கேட்டுக்கொண்டார்.

மார்ச் 26

களைப்பாக இருக்கிறது. உண்மையை எழுதுவதென்றால் இதையும் எழுத வேண்டும்: இன்று ஒரு நிமிடம், எப்படியாவது இது முடிந்தால் போதும் என்று நினைத்தேன். எப்படி முடிந்தாலும் என்று. பிறகு குழாயடியில் போய் முகம் கழுவினேன்.

மார்ச் 28

ரத்தத்தில் பூஞ்சை வளரவில்லை என்று இன்று சொன்னார்கள். ஒரு முறை சுத்தமாக வந்தால் போதாதாம். இன்னும் பல நாட்கள் மருந்து தொடர வேண்டும். அம்மா உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டாள். அப்பா அவள் தலைக்குக் கீழே தன் கையைக் கொடுத்தார். மரத்துப்போயும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 1

சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். என்னை உள்ளே விட்டார்கள். முகமூடி போட்டுக்கொண்டு போனேன். என்ன சொல்வது என்று படிக்கட்டிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன், எல்லாம் மறந்துவிட்டது.

அக்கா பாதியாக இருந்தாள். குரல் கம்மிவிட்டது.

"சத்தியத்தை மீறிட்ட."

"ஆமா."

"என் தலையில அடிச்சுப் பண்ணினது. அதனாலதான் முடி வளரல பாரு."

நான் அழுதுவிட்டேன். அழுத இடத்தில் அழுததாகத்தான் எழுதுகிறேன். அவள் கையை நீட்டினாள், குழாய் இல்லாத கை. "வந்தது கோபம்தான். மூணு நாள் உங்கிட்ட பேசக்கூடாதுன்னு வச்சிருந்தேன். மயக்கத்துலயே மூணு நாள் போயிடுச்சு. அதைக் கணக்குல வச்சுக்கோ."

சின்ன டாக்டரும் அப்போது வந்தார். வாயைப் பார்த்தார், நாக்கு இப்போது சிவப்பாக, சாதாரண நாக்காக இருக்கிறது. போகும்போது அப்பாவிடம் நின்றார். "அன்னிக்கு ஒரு நிமிஷம் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம்" என்றார். அப்பா, "உங்களுக்கும் தூக்கம் இல்லையே தம்பி" என்றார்.

ஏப்ரல் 8

அப்பா இயந்திரத்தை விற்கவில்லை. துணியை எடுத்துவிட்டார். ஓடும் சத்தம் தெருமுனைவரை கேட்கிறது.

ஏப்ரல் 13

அக்கா வீட்டுக்கு வந்தாள்.

புற்றுநோய்க்கான அடுத்த சுற்று மருந்தைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள், உடம்பு தேறட்டும் என்று. அதற்கு வேறு குழாய் வைப்பார்கள். எல்லாம் மறுபடியும் வரும். யாரும் அதைப் பற்றி இன்று பேசவில்லை.

வலது கண்ணில் நடுவில் ஒரு மங்கல் நிற்கிறது. நேராகப் பார்த்தால் எழுத்து மறைகிறது, ஓரமாகப் பார்த்தால் தெரிகிறதாம். இடது கண் நன்றாக இருக்கிறது. "உன்ன ஒரு கண்ணால பாத்தா போதும், ரெண்டு கண்ணு எதுக்கு வீணா" என்றாள்.

அப்பா கடையிலிருந்து கோனும் கொஞ்சம் க்ரீமும் கொண்டுவந்திருந்தார். அவள் கேட்டாளாம். ஒரு தட்டில் எழுதிப் பார்த்தாள். கை அசைவது இப்போது தெரிகிறது. "வாழ்த்துகள்" என்று எழுதினாள், த் விடாமல். வரி வலது பக்கமாக இறங்கிப் போயிருந்தது. கடைசி எழுத்து தட்டின் விளிம்புக்கே போய்விட்டது.

எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சாய்ஞ்சா என்ன?" என்றார் அப்பா. "தின்னா நேராயிடும்."

அம்மா விரலால் வழித்து முதல் எழுத்தைத் தின்றாள். அம்மா! நான் இதுவரை அவள் தட்டிலிருந்து வழித்துத் தின்று பார்த்ததே இல்லை.

படுக்கும் நேரம் அப்பா வந்தார். குளித்து, வேறு சட்டை போட்டு, சோப்பு வாசனையோடு. ஆனாலும் பழக்கத்தில் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். சுவிட்ச் உள்ளே இருக்கிறது, எட்டாது.

"என்னப்பா, வாடகை பாக்கியா?" என்றாள் அக்கா.

அப்பா ஒரு காலை உள்ளே வைத்தார். பிறகு இன்னொன்று. கட்டிலருகே வந்து, அவள் தலையில் கை வைத்தார். பூனைமுடி கொஞ்சம் முளைத்திருக்கிறது. அதை எந்தத் திசையில் தடவுவதென்று தெரியாதவர்போல் இரண்டு பக்கமும் தடவினார். சுவிட்சுக்குப் போய்க் கை வைத்தார். 'கடை சாத்தியாச்சு' சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை.

"சொல்லுங்க, தூக்கம் வருது" என்றாள் அக்கா.

நான் இன்னும் எழுதி முடிக்கவில்லை என்று சொன்னேன். மீதி வரி இருட்டில் சாய்ந்துதான் போகும். போகட்டும். அப்பா விளக்கை அணைத்துவிட்டார்.